கலைச்சொல் தளத்தில் தேடினால் 61 என்கிறது, பார்த்தால் 25 தான் – முடிவுப் பட்டியலை எப்படி வாசிப்பது?

வாவிக்கரை (மட்டக்களப்பு):

மொழிபெயர்ப்புப் பிரிவில் மும்மொழிக் கலைச்சொல் தொகுப்பொன்றை இணையவழி மென்பொருளில் ஏற்றி வைத்திருக்கிறோம். பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய எக்செல் பைல்களை யுனிகோட்டுக்கு மாற்றித்தான் ஏற்றியது. லொகின் பண்ணினால் மேலே தேடல் பெட்டி, இடப்பக்கம் முடிவுப் பட்டியல், வலப்பக்கம் பதிவின் விவரம். பார்வைக்கு எல்லாம் சரி. அந்தப் பட்டியலை நம்பலாமா என்பதுதான் சந்தேகம்.

"அனுமதிப்பத்திரம்" என்று தேடினால் மேலே 61 என்று காட்டுகிறது. கீழே எண்ணினால் 25 வரிதான். அதற்குள்ளும் ஒரே சொல் மூன்று நாலு தரம் வருகிறது. இரட்டிப்பா, வேறு வேறா தெரியவில்லை. "கொள்முதல்" என்று தட்டினால் ஒன்றுமில்லை; ஆனால் பட்டியலை உருட்டிக்கொண்டு போனால் அதே சொல் கண்முன்னே கிடக்கிறது. சிங்களத்தில் "பலபத்ரய" தேடினாலும் இதே கதை. அகர வரிசையும் பிழை: "அளவு", "அழைப்பு", "அவசரம்" என்று தலைகீழாக நிற்கிறது. எக்செலுக்கு இறக்கினால் தமிழ் முழுக்கக் குப்பை எழுத்து.

தேடிக் கிடைக்காவிட்டால் புதிதாகப் பதியச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்: ஒரு சொல் உண்மையாகவே தொகுப்பில் இல்லை என்று எந்தக் கட்டத்தில் முடிவெடுக்கலாம்?

----

உறுகாமக்குளம் (மட்டக்களப்பு):

எண்ணிக்கையை மட்டும் நான் எடுக்கிறேன். எழுத்துப் பிரச்சினைக்கு மருதமுனை நானா வருவார்.

61, 25 இரண்டும் சரிதான். எண்ணும் பொருள்தான் வேறு. 25 என்பது ஒரு பக்கத்தில் காட்டும் வரிகள். பட்டியலின் அடியில் பக்க எண்ணோ சின்ன அம்புக்குறியோ இருக்கும். மடிக்கணினித் திரையில் அது கீழே மறைந்துபோகும். பிரவுசரை 80 வீதத்துக்குச் சுருக்கினால் தெரியும். உங்கள் கணக்கின் அமைப்புகளுக்குள் போய்ப் பக்கமொன்றுக்கு 50 அல்லது 100 என்று மாற்றிவிடுங்கள். மொத்தம் 100, 200, 500 என்று உருண்டையாக வந்தால் மட்டும் கவனம். அது பெரும்பாலும் மொத்தமே அல்ல, மென்பொருள் அந்த எல்லையோடு தேடுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். அப்படி வந்தால் சொல்லை இன்னும் நீட்டித் தேட வேண்டும்.

அடுத்தது, அந்த 61 என்பது பதிவுகளின் எண்ணிக்கை இல்லை. பொருத்தங்களின் எண்ணிக்கை. இந்த வகை மென்பொருளில் ஒரு பதிவு என்றால் ஒரு கருத்து. அந்தக் கருத்துக்குள் மூன்று மொழி, ஒவ்வொரு மொழிக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட சொல் இருக்கலாம். பட்டியலோ சொற்களைத்தான் வரிசையாகத் தருகிறது. ஒரு பதிவில் "அனுமதிப்பத்திரம்", "வருடாந்த அனுமதிப்பத்திரம்" என இரண்டு சொல் இருந்தால் அந்த ஒரே பதிவு பட்டியலில் இரண்டு வரியாக வரும். முழுப்பாடத் தேடல் போட்டிருந்தால் வரைவிலக்கணத்துக்குள்ளும் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குள்ளும் கிடைப்பதையும் சேர்த்து எண்ணும். அதனால்தான் தேடிய சொல்லே இல்லாத தலைச்சொற்களும் இடையில் வருகின்றன. தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் "சொல் தேடல்", "முழுப்பாடம்", "அண்ணளவு" போன்ற தெரிவு இருக்கும். முதலாவதில் வையுங்கள், எண்ணிக்கை நன்றாகக் குறையும்.

இரட்டிப்பா இல்லையா என்று பார்க்கச் சொல்லைப் பார்த்துப் பயனில்லை, பதிவு எண்ணைப் பாருங்கள். பட்டியலின் தலைவரியில் கொலம் சேர்க்கும் பொத்தான் இருந்தால் பதிவு எண், துறை, நிலை மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஒரே எண் இரண்டு வரியில் வந்தால் ஒரே பதிவு. எண் வேறாக இருந்தால் துறையைப் பாருங்கள்.

நீங்கள் தேடிய சொல்லே இதற்கு நல்ல உதாரணம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் லைசன்ஸ். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கும் காணி அனுமதிப்பத்திரத்துக்கு பெர்மிட். நம்ம பக்கம் "பெமிட் காணி" என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், சிங்களத்திலும் இரண்டுக்கும் பலபத்ரயதான். ஆகவே துறை "போக்குவரத்து" என்று ஒரு பதிவும் "காணி" என்று இன்னொரு பதிவும் இருக்கத்தான் வேண்டும். இரட்டிப்பு என்று நினைத்து ஒன்றை அழித்தால், ஆங்கிலக் கடிதத்தில் பெமிட் காணிக்காரருக்கு லைசன்ஸ் காணி என்று போய்ச் சேரும். அதே சட்டத்தில் பெர்மிட்டுக்குப் பிறகு வரும் "அளிப்பு" வேறொரு ஆவணம். அதையும் இதற்குள் ஒத்தசொல்லாகத் திணித்து வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். அடிக்கடி நடக்கும் பிழை அது.

வலப்பக்க விவரத்தில் காட்சி அமைப்பு என்று ஒரு தெரிவு இருக்கும். பலர் "மூலமொழி, இலக்குமொழி மட்டும்" (தேடும் மொழி, விடை வேண்டிய மொழி) என்பதிலேயே வைத்திருப்பார்கள். அதில் சொல்லின் நிலை தெரியாது. கைவிடப்பட்ட சொல்லும் விரும்பத்தக்க சொல்லும் ஒரே மாதிரிக் கறுப்பு எழுத்தில் நிற்கும், நீங்கள் முதலில் நிற்பதைக் கொப்பி பண்ணிவிடுவீர்கள். ஆகக்குறைந்தது முதல் தடவையாவது "எல்லாப் புலங்களும்" என்ற அமைப்பில் திறந்து பாருங்கள்.

----

மருதமுனை நெசவு (அம்பாறை மாவட்டம்):

பாமினியிலிருந்து மாற்றியது என்ற இடத்திலேயே விடை இருக்கிறது.

"கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை யுனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம். "ொ" என்று ஒரே குறியாக எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் (ெ) அரவையும் (ா) தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்தும் வைக்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. பாமினியில் கொம்பு ஒரு விசை, அரவு ஒரு விசை என்பதால் சில மாற்றிகள் இரண்டு குறியாகவே விட்டுவிடும். நீங்கள் விசைப்பலகையில் தட்டுவது ஒரே குறி. மென்பொருள் இரண்டையும் ஒப்பிடும்போது வேறு சொல் என்று முடிவெடுக்கிறது. "ோ", "ௌ" இரண்டுக்கும் இதே நிலைதான்.

சோதித்துப் பார்க்க: பட்டியலில் கிடக்கும் "கொள்முதல்" என்பதைக் கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்கள். கர்சரை "கொ"வுக்கும் "ள்"ளுக்கும் நடுவில் வைத்து பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டுங்கள். "க" மிஞ்சினால் ஒரே குறி. "கெ" மிஞ்சினால் பிரிந்த குறி.

இப்போதைக்குச் சமாளிக்க, சந்தேகமான இடத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள்: க*ள்முதல். நட்சத்திரம் நிற்கும் இடத்தில் எந்தக் குறி எத்தனை இருந்தாலும் பொருந்தும், ஆகவே இது இரண்டு வடிவத்தையும் பிடிக்கும்.

நிரந்தரத் தீர்வு நிர்வாகியின் கையில். முழுத் தொகுப்பையும் ஏற்றுமதி செய்து, யுனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்ப்பது) ஒருங்காக்கித் திருப்பி ஏற்ற வேண்டும். பைதன் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. திருப்பி ஏற்றும்போது "சொல்லைக் கொண்டு பொருத்து" என்று கொடுத்தால் திருத்திய சொல் பழையதோடு பொருந்தாது, ஒவ்வொன்றும் புதுப்பதிவாக விழும், தொகுப்பு இரட்டிப்புகளால் நிறையும். "பதிவு எண்ணைக் கொண்டு பொருத்தி மேலெழுது" என்ற தெரிவுதான் சரி. 10 பதிவை மட்டும் முதலில் ஏற்றிப் பார்ப்பது புத்தி.

ஒருங்காக்கினாலும் திருந்தாதது ஒன்று உண்டு. "கௌரவ" என்பதை அரைவாசிப் பேர் "கெளரவ" என்றுதான் தட்டியிருப்பார்கள், அதாவது கெ போட்டு, பக்கத்தில் ளகரம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த ள உண்மையான ள, அதனால் கணினி அதை ஔகாரக் குறியாக எடுக்காது. அரச கடிதங்களில் இந்தச் சொல் இல்லாத நாள் இல்லை, ஆகவே தனியாகத் தேடித் திருத்துங்கள். க*ரவ என்று தேடினால் இரண்டும் வரும். "பௌதிகம்", "சௌபாக்கியம்" போன்றவற்றையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

----

அம்பாறை மும்மொழி:

சிங்களத்துக்கு நான் சொல்கிறேன். பலபத்ரய என்பதில் வரும் "த்ர" சேர்க்கை சிங்கள யுனிகோட்டில் நான்கு குறி: த, புள்ளிக்குச் சமமான அல்குறி, கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக்குறி, ர. அந்த இணைப்புக்குறி இருந்தால்தான் ரகரம் கீழே வளைவாகச் சேரும். "பிராதேசீய" என்பதன் முதலெழுத்திலும் இது இருக்கிறது, "ஸ்ரீ"யிலும் இருக்கிறது.

யாரோ ஒருவர் பைலைத் துப்புரவாக்குகிறேன் என்று தெரியாத குறிகளையெல்லாம் நீக்கியிருந்தால் தொகுப்பில் இது இருக்காது, நீங்கள் தட்டுவதில் இருக்கும். பட்டியலில் அந்தச் சொல்லைப் பாருங்கள்: த மேல் அல்குறி தனியாகவும் ர தனியாகவும் பிரிந்து நின்றால் தொகுப்பில்தான் கோளாறு. சேர்ந்து அழகாக நின்றும் கிடைக்காவிட்டால் உங்கள் விசைப்பலகை அதைப் போடவில்லை. இரண்டுக்கும் தற்காலிக வழி சேர்க்கைக்கு முன்னால் வெட்டி நட்சத்திரம் போடுவது: "பலப*".

மேலே நானா சொன்ன ஒருங்காக்கம் சிங்களத்துக்கும் பாதகமில்லை, அது இணைப்புக்குறியைத் தொடாது. ஆனால் தமிழ்க் கொலத்தில் தேவையற்ற மறைகுறிகளை அழிக்கும்போது சிங்களக் கொலத்தையும் சேர்த்துத் தெரிவுசெய்துவிடாதீர்கள்.

இன்னொன்று, சிரிக்க வேண்டாம்: தேடல் பெட்டிக்கு மேலே மூலமொழி எது என்று பார்த்தீர்களா? மூலமொழி ஆங்கிலம் என்று நிற்கும்போது தமிழோ சிங்களமோ தட்டினால் ஆங்கிலச் சொற்களுக்குள்தான் தேடும், விடை பூச்சியம். சில மென்பொருள்கள் வெளியே போய்த் திரும்பி லொகின் பண்ணும்போது தாமாகவே பழைய மொழிக்குப் போய்விடும். இலக்குமொழியில் சொல் இல்லாத பதிவுகளை மறைக்கும் ஒரு வடிகட்டியும் இருக்கும். அது இயங்கினால் தமிழ் இடம் வெறுமையாக உள்ள பதிவு எதுவுமே பட்டியலுக்கு வராது.

----

வாவிக்கரை:

பேக்ஸ்பேஸ் தட்டிப் பார்த்தேன், "கெ" மிஞ்சியது. க*ள்முதல் வேலை செய்கிறது. சிங்களச் சொல் பிரிந்துதான் நிற்கிறது. மூலமொழி சரியாகத்தான் இருந்தது, வடிகட்டிதான் போட்டபடி கிடந்தது.

நட்சத்திரம் பற்றி இன்னொரு கேள்வி. "செயலாளர்*" என்று போட்டால் "செயலாளரின் அனுமதி" என்ற பதிவு வருகுதில்லை. "செயலாளர்" என்பதில் தொடங்குவதெல்லாம் வர வேண்டாமா? கேள்விக்குறி போட்டும் பார்த்தேன், இன்னும் மோசம்.

----

மருதமுனை நெசவு:

வராது. கணினிக்கு "ர்" என்பது ர + புள்ளி. "ரி" என்பது ர + இகரக்குறி. நீங்கள் புள்ளியோடு முடித்துவிட்டு நட்சத்திரம் போட்டதால் புள்ளி கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். வேற்றுமை உருபு ஏறியதும் அந்தப் புள்ளி போய்விடுகிறது. புள்ளியை விட்டுவிட்டு செயலாளர* என்று போடுங்கள். செயலாளர், செயலாளரின், செயலாளருக்கு மூன்றும் வரும். உகரத்தில் முடிகிற சொல்லுக்கும் இதுதான் முறை: "காடு", "காட்டு" இரண்டும் வேண்டுமென்றால் காட*. மகரத்தில் முடிகிறது என்றால் ம்-ஐயே வெட்டுங்கள்: பத்திர* என்றால் பத்திரம், பத்திரங்கள், பத்திரத்தை எல்லாம் அகப்படும்.

கேள்விக்குறி தமிழுக்கு உதவாது. ஒரு கேள்விக்குறி ஒரு குறிக்குத்தான் நிற்கும்; அது எழுத்தைக் கணக்கெடுப்பதில்லை, குறியைக் கணக்கெடுக்கிறது. "கி" என்ற ஓரெழுத்துக்கு இரண்டு கேள்விக்குறி வேண்டும். "கொ"வுக்கு உங்கள் தொகுப்பில் இரண்டா மூன்றா என்று யாருக்கும் தெரியாது.

சந்தி இடைவெளியும் ஒரு தொல்லை. "அனுமதிப்பத்திரம்", "அனுமதிப் பத்திரம்" இரண்டும் தொகுப்பில் கிடக்கும். அனுமதி*பத்திர* என்று தேடினால் சேர்த்து எழுதியது, பிரித்து எழுதியது, ஒற்று விட்டது மூன்றும் வரும்.

----

உறுகாமக்குளம்:

நானா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. செயலாளர* என்று தேடும்போது, பொருந்திய பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டும் மென்பொருள் "செயலாளர" வரைக்கும் தடிப்பாக்கிவிட்டுப் புள்ளியை வெளியே விட்டுவிடும். சில பிரவுசரில் அந்தப் புள்ளி ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தனியாக நிற்கும். தரவு பழுதாகிவிட்டது என்று பயந்து யாரும் பதிவைத் திறந்து திருத்தப் போக வேண்டாம். பதிவைத் திறந்தால் சொல் சரியாகத்தான் இருக்கும்.

அண்ணளவுத் தேடலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ல, ள, ழ அல்லது ர, ற மாற்றித் தட்டியதைப் பிடிக்க அது நல்லது. ஆனால் இரண்டு மூன்று எழுத்துச் சொல்லுக்குப் போட்டால் சம்பந்தமில்லாததெல்லாம் வரும், ஏனென்றால் சின்னச் சொல்லில் ஓரெழுத்து ஒத்துப்போனாலே வீதம் கூடிவிடும். ஆறேழு எழுத்துக்கு மேல் உள்ள சொல்லுக்கு மட்டும் பாவியுங்கள்.

----

கல்லடிக் காற்று (மட்டக்களப்பு):

வரிசை பற்றி: அது பிழையில்லை, யுனிகோட் அட்டவணையின் ஒழுங்கு. அந்த அட்டவணையில் ர, ற, ல, ள, ழ, வ என்று வரும். நம்முடைய நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஆகவே "அவசரம், அழைப்பு, அளவு" என்று வர வேண்டியது அப்படியே தலைகீழாகிறது. "ஜனாதிபதி" கடைசியில் வராமல் சகரத்துக்குப் பின்னாலேயே வந்து நிற்பதும் இதனால்தான். அகராதியில் மெய் முந்தும், "அக்கறை"க்குப் பிறகுதான் "அகற்றல்". அட்டவணை ஒழுங்கில் புள்ளி எல்லா எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் பின்னால் கிடப்பதால் "அகற்றல்" முந்திவிடும். தரவுத்தளத்தின் வரிசைமுறையைத் தமிழ் என்று அமைத்தால் சரிவரும். அது பாவனையாளர் மாற்றக்கூடியதல்ல. அதுவரைக்கும் உருட்டித் தேடாதீர்கள், இருக்கிற சொல்லையே தவறவிடுவீர்கள்.

எக்செல் குப்பை எழுத்து: இறக்கிய சிஎஸ்வி பைலை இரட்டைக் கிளிக் பண்ணித் திறக்க வேண்டாம். வெற்று எக்செலைத் திறந்து, டேட்டா பகுதியில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி பைலிலிருந்து எடுக்கும் தெரிவுக்குப் போய், குறியாக்கம் என்ற இடத்தில் 65001 யுனிகோட் யுடிஎஃப்-8 என்பதைத் தெரிந்தெடுங்கள். தமிழும் சிங்களமும் ஒழுங்காக வரும். குப்பையாகத் தெரியும்போது சேவ் மட்டும் பண்ணிவிடாதீர்கள், பிறகு அந்தப் பைல் பாவிக்க உதவாது, மறுகா முதலிலிருந்து இறக்க வேண்டும்.

இறக்குமுன் வரி எண்ணிக்கையையும் பாருங்கள். சில மென்பொருளில் ஏற்றுமதிப் பொத்தான் தேடல் முடிவைத் தராது. திரையில் உள்ள பக்கத்தை மட்டும் தரும், அல்லது தேடலைக் கணக்கெடுக்காமல் முழுத் தொகுப்பையும் தரும். தேடலை வடிகட்டியாகச் சேமித்து, அந்த வடிகட்டியைத் தெரிந்துகொண்டு ஏற்றுமதி செய்தால்தான் கேட்டது மட்டும் வரும்.

----

அம்பாறை மும்மொழி:

தொடக்கத்தில் வாவிக்கரை கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேராக விடை சொல்லவில்லை: எப்போது "இல்லை" என்று முடிவெடுக்கலாம்?

தமிழில் கிடைக்காததை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. பதிவு கருத்துக்கு உரியது என்று மேலே சொன்னார்களே, அதைப் பயன்படுத்துங்கள். தமிழ்ச் சொல்லை வெட்டி நட்சத்திரம் போட்டுத் தேடியும் வராவிட்டால், மூலமொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக் குழப்பம் குறைவு. அதிலும் இல்லையென்றால் சிங்களத்தில். வெறுமையான இலக்குமொழியை மறைக்கும் வடிகட்டி நீங்கியிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று மொழியிலும் இல்லாவிட்டால் இல்லைதான்.

ஆங்கிலத்தில் பதிவு இருந்து தமிழ் இடம் வெறுமையாக இருந்தால் புதுப்பதிவு திறக்காதீர்கள். அந்தப் பதிவுக்குள்ளேயே தமிழ்ச் சொல்லைச் சேருங்கள். அங்கே ஏற்கெனவே வேறு தமிழ்ச் சொல் இருந்தாலும் அப்படித்தான். உதாரணத்துக்குத் தமிழ்நாட்டுப் பத்திரத்தில் கண்ட "ஓட்டுநர் உரிமம்" என்று தேடி, கிடைக்கவில்லை என்று பதியப் போனால், "சாரதி அனுமதிப்பத்திரம்" என்று ஏற்கெனவே இருக்கிற கருத்துக்கு இன்னொரு பதிவு பிறக்கும். அதே பதிவில் ஒத்தசொல்லாகச் சேர்த்து, புவியியல் பாவனை என்ற புலத்தில் "இந்தியா" என்று போட்டு, நிலையை "ஏற்கத்தக்கது" என்று வையுங்கள். "நீதவான்", "குற்றவியல் நடுவர்" சோடியும் இதே மாதிரி. "பரீட்சை", "தேர்வு" சோடிக்கு மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். தேர்வு என்பதை நாம் தெரிவு என்ற பொருளிலும் எழுதுகிறோம், அதனால் அதற்கு இரண்டு பதிவு நியாயமாகவே தேவைப்படலாம்.

மூலம் என்ற புலத்தை வெறுமையாக விடாதீர்கள். அரசகரும மொழிகள் திணைக்களச் சொற்றொகுதியிலிருந்து எடுத்ததா, சட்டத்தின் தமிழ்ப் பிரதியிலிருந்தா, ஒருவர் சொந்தமாக ஆக்கியதா என்பது பட்டியலில் ஒரு கொலமாகத் தெரிந்தால் இரண்டு சொல்லில் எதை எடுப்பது என்று தேடுகிறவரே முடிவெடுப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐஏடிஇ கலைச்சொல் தொகுப்பில் ஒரு சொல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை நட்சத்திரங்களால் காட்டுகிறார்கள், ஒன்றிலிருந்து நாலு வரை. அதில் தமிழ் இல்லை, ஆனால் முடிவுப் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

----

வாவிக்கரை:

"ஓட்டுநர் உரிமம்" தேடினேன். தனிப்பதிவாகவே கிடக்கிறது, போன மாதம் பதிந்தது. இதை எப்படிச் சேர்ப்பது? அழித்துவிட்டு மற்றதில் சேர்த்தால் போதுமா?

----

உறுகாமக்குளம்:

அழிக்க வேண்டாம், முதலில் இரண்டு பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். "பதிவுகளை ஒன்றாக்கு" என்ற கட்டளை நிர்வாகி கணக்கில் இருந்தால் அதைத்தான் பாவிக்க வேண்டும், குறிப்பும் மாற்ற வரலாறும் கூடவே வரும். எந்த எண் தங்க வேண்டும் என்று கேட்கும். பழையதைக் கொடுங்கள், ஏனென்றால் மற்றப் பதிவுகளிலிருந்து வரும் குறுக்குத் தொடுப்புகள் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்றாக்கிய பிறகு ஆங்கிலச் சொல் உள்ளே இரண்டு தரம் நிற்கும், ஒன்றைக் கையால் எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டளை இல்லாவிட்டால் புலம் புலமாகக் கொப்பி பண்ணி முடித்துச் சேமித்த பிறகுதான் புதியதை அழிப்பது.

எழுத்து ஒருங்காக்கி முடியும்வரை இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். இப்போது தேடினால் பிரிந்த "கொ", "தொ" உள்ள இரட்டிப்புகள் எதுவும் பட்டியலில் ஒன்றாக வராது.